மொய் நோட்டைக் கூட்டத் தெரிந்த பிள்ளைக்கு அரசு வேலை உண்டா?

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்குக் கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு கிராமம். அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மகனுக்கு 24 வயது. ஆறு வயதில் ஆட்டிசம் என்றார்கள். தட்டுத் தடுமாறி பி.காம். முடித்துவிட்டான். கணக்கில் புலி. சொந்தத்தில் கல்யாணம் என்றால் மறுநாள் மொய் நோட்டைக் கூட்டிச் சரிபார்ப்பது அவன்தான். ஒரு ரூபாய் விடமாட்டான். ஆனால் கூட்டமும் சத்தமும் ஆகாது. சென்ற முறை குரூப் 4 எழுதினான். அறையில் யாரோ கண்காணிப்பாளரிடம் சத்தம் போட, காதைப் பொத்திக்கொண்டு மேசையில் கவிழ்ந்தவன் கடைசிவரை நிமிரவில்லை. 2012-ல் எடுத்த மாற்றுத்திறனாளி சான்று இருக்கிறது, மனவளர்ச்சி குன்றியவர் 50 சதவீதம் என்று. இவனைப் போன்ற பிள்ளைகளுக்கு அரசு வேலை உண்மையிலேயே கிடைக்குமா? "வேலைக்கு அலையாதே, கார்டியன் பேப்பர் வாங்கி வை, உனக்குப் பிறகு உன் பென்ஷன் அவனுக்கு வரும்" என்கிறார்கள் உறவினர்கள். அமெரிக்காவில் இருக்கும் மகளோ, அங்கே இப்படிப்பட்டவர்களைப் பரீட்சை இல்லாமலே அரசு வேலைக்கு எடுக்கிறார்கள் என்கிறாள். ஆட்டிசம் என்று சொல்லி விண்ணப்பிப்பதா, சொல்லாமல் விண்ணப்பிப்பதா? வழி சொல்லுங்கள்.

பதில்: ஐயா, வணக்கம். வேலை உண்டு. ஆனால் இப்போது தம்பியின் கையில் இருக்கும் அந்த 2012 சான்றோடு போனால், தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தாலும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அதனால் பரீட்சைக்குப் படிப்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் சான்றைப் பற்றிப் பேசிவிடலாம்.

தம்பிக்குச் சான்று எடுத்த காலத்தில் நடப்பில் இருந்தது 1995-ஆம் ஆண்டுச் சட்டம். அதில் ஆட்டிசம் என்று ஒரு வகையே கிடையாது. ஆகவே மருத்துவக் குழுவில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளையும் மனவளர்ச்சி குன்றியவர் என்ற கட்டத்தில் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு பஸ் பாஸுக்கும் உதவித்தொகைக்கும் அது போதுமானதாக இருந்தது. வேலை இடஒதுக்கீடு அப்போது பார்வை, செவித்திறன், கை கால் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும்தான். மொத்தம் 3 சதவீதம்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோதுதான் ஆட்டிசம் தனி வகையாகப் பட்டியலில் ஏறியது. அந்தச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு அரசு வேலைகளில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. அதில் ஒரு சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், இவற்றோடு பல்வகைக் குறைபாடு உள்ளவர்கள் எல்லாருக்கும் சேர்த்து. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருப்பதாகச் சான்று வேண்டும். தமிழ்நாடு அரசும் இதே 4 சதவீதத்தைத்தான் பின்பற்றுகிறது.

சரி, அந்த ஒரு சதவீதத்துக்குள் எந்தப் பெயரில் இருந்தால் என்ன என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். மத்திய அரசு 2021 ஜனவரியில் 3,566 பதவிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எந்தெந்த வகையினர் பொருத்தம் என்று எழுதியது. எழுத்தர் வகைப் பதவிகள் பலவற்றுக்கு எதிரே 'ஏஎஸ்டி (எம்)' என்று இருக்கும். மிதமான, அதாவது 'மைல்டு' அளவில் ஆட்டிசம் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று அர்த்தம். அதே வரியில் அறிவுசார் குறைபாடு இருக்காது. உங்கள் மகன் கையில் இருக்கும் சான்றோ மனவளர்ச்சி குன்றியவர், அதாவது இன்றைய பெயரில் அறிவுசார் குறைபாடு என்கிறது. பி.காம். படித்த பிள்ளை, தனக்குத் திறந்திருக்கும் கதவுக்குப் பக்கத்துக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார். காரைக்குடிப் பக்கம் என்னிடம் வரும் குடும்பங்களில் இதே பழைய சான்றை லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

ஆகவே முதல் வேலை, மாற்றுத்திறனாளிகளுக்குச் சான்றும் அடையாள அட்டையும் வழங்கும் யூடிஐடி இணையதளத்தில் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பது. பழைய மருத்துவ அறிக்கைகள் ஏதாவது பரணில் கிடந்தால், முக்கியமாக ஆறு வயதில் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்த சீட்டு, அதை எடுத்து வையுங்கள். சிவகங்கை கலெக்டர் அலுவலக வளாகத்தில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில், அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு எந்தக் கிழமை உட்காருகிறது என்று கேட்டுக்கொண்டு போங்கள். அங்கே ஐஎஸ்ஏஏ என்ற அளவுகோலை வைத்துப் பார்ப்பார்கள். 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை என்று கொள்வார்கள், 70 முதல் 106 வரை மிதம், 107 முதல் 153 வரை நடுத்தரம்.

இந்த இடத்தில் பெற்றோர் செய்யும் காரியம் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். டாக்டர் கேட்டதும் பெருமை தாங்காமல், "எல்லாம் நல்லாப் பண்ணுவான் சார், பி.காம். பாஸ்" என்பார்கள். இல்லாவிட்டால் சதவீதம் கூட வரட்டும் என்று, சட்டை பட்டன்கூடப் போடத் தெரியாது என்பார்கள். முன்னது 40-க்குக் கீழே தள்ளிவிடும். பின்னது பதவிப் பட்டியலில் இருக்கும் 'மிதம்' என்ற கட்டத்தைத் தாண்டிப் போய்விடும். நடப்பதை நடப்பதாகச் சொல்லுங்கள். சான்று கைக்கு வந்ததும் பெயர், பிறந்த தேதி பார்ப்பதோடு விடாமல் குறைபாட்டின் வகையையும் அங்கேயே படித்துவிட்டு வெளியே வாருங்கள்.

சொல்லி விண்ணப்பிப்பதா, சொல்லாமலா என்று கேட்டிருந்தீர்கள். சொல்லித்தான். இடஒதுக்கீடும் கட்டண விலக்கும் வயதுச் சலுகையும் வேண்டுமென்றால் மறைக்க வழியில்லை என்பது ஒரு பக்கம். தேர்வறையில் கூடுதல் நேரமும் சொன்னால்தான் கிடைக்கும். மணிக்கு 20 நிமிடம் குறையாமல் கொடுக்கவேண்டும் என்கின்றன மத்திய அரசின் வழிகாட்டுதல்கள். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். பார்வையற்றவர்களுக்கு இது கேட்டாலே கிடைக்கும். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு, எழுதுவதில் சிரமம் இருக்கிறது என்று அரசு மருத்துவமனைத் தலைமை மருத்துவர் நிலையில் உள்ளவர் அதற்கான படிவத்தில் கையெழுத்திட்டுத் தரவேண்டும். இதைத் தேர்வுக்கு முந்தின வாரம் தேடிக்கொண்டு அலைந்தால் கிடைக்காது. விண்ணப்பிக்கும்போதே வாங்கி இணைத்துவிடவேண்டும்.

சொல்வதை எழுதுபவர் வேண்டுமா என்றும் அதே விண்ணப்பத்தில் கேட்பார்கள். என் அபிப்பிராயத்தில் தம்பிக்கு வேண்டாம். முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதே அவருக்கு இன்னொரு தொந்தரவு. நேரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, தரைத்தளத்தில் ஆள் குறைவான அறை வேண்டும், பஞ்சுக் காதடைப்பான் அனுமதிக்க வேண்டும் என்று தனியாக ஒரு மனு கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். கண்காணிப்பாளரிடம் அன்று காலையில் வாயால் கேட்டால், பாவம், அவருக்கு அதிகாரம் கிடையாது. இல்லை என்றுதான் சொல்வார்.

சென்ற முறை நடந்தது பழக்கமில்லாததால் நடந்தது என்றே நினைக்கிறேன். நீங்கள் தலைமையாசிரியராக இருந்தவர். தெரிந்த பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை ஒரு வகுப்பறையைக் கேட்டால் மறுக்கமாட்டார்கள். பழைய வினாத்தாள், விடைத்தாள் நகல், கருப்பு மை பேனா, மணிக்கொருதரம் மணி. நடுவில் நீங்களே கதவைத் தடாலென்று திறந்து, "இன்னும் பதினைந்து நிமிஷம்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். முதல் வாரம் கோபித்துக்கொள்வார். எப்போது சத்தம் வரும், வந்தால் என்ன செய்யவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். தெரியாத கேள்விக்கு ஈ (E) கட்டத்தைக் கருப்பாக்கவேண்டும் என்ற விதியை நம் மற்ற பிள்ளைகள்தான் மறப்பார்கள். விதி என்று ஒன்று இருந்தால் தம்பியைப் போன்றவர்கள் விடமாட்டார்கள்.

குரூப் 4-இல் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் தமிழ்ப் பகுதி 150. அதில் 60 எடுக்காவிட்டால் மற்றதைத் திருத்தவே மாட்டார்கள். கணக்கை நம்பித் தமிழைக் கோட்டை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நேர்முகத் தேர்வு இல்லை என்பது நமக்குப் பெரிய வசதி. மத்திய அரசிலும் 2016 முதல் கீழ்நிலைப் பதவிகளுக்கு நேர்முகத் தேர்வை எடுத்துவிட்டார்கள். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, கை குலுக்கவில்லை என்று மதிப்பெண் குறைக்க அங்கே ஆள் இல்லை. தனியார் கம்பெனிகளைவிட அரசுத் தேர்வு ஆட்டிசம் உள்ளவர்களுக்கு நியாயமானது என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே காரணம்.

எந்தப் பதவி என்பதில் கொஞ்சம் கறாராக இருங்கள். அரசு வேலை என்றால் எது கிடைத்தாலும் சரி என்பது நம் ஊர் வழக்கம். குரூப் 4-இல் கிராம நிர்வாக அலுவலர் பதவிக்கு மவுசு அதிகம்; தம்பிக்கு அது வேண்டவே வேண்டாம். பட்டா, வாரிசுச் சான்று, வாய்க்கால் தகராறு, ராத்திரி பதினோரு மணிக்கு யாரோ கதவைத் தட்டுவது. வரி வசூலும் அப்படித்தான். தட்டச்சர், இளநிலை உதவியாளர், அதிலும் பதிவறையோ கணக்குப் பிரிவோ தபால் பிரிவோ கிடைத்தால் நல்லது. பதிவறையில் ஒவ்வொரு கோப்புக்கும் எத்தனை வருடம் வைத்திருக்கவேண்டும் என்று முடிவு எழுதியிருக்கும், அதன்படி அடுக்கவேண்டும், கேட்டால் எடுத்துத் தரவேண்டும். மொய் நோட்டில் ஒரு ரூபாய் விடாதவர் அங்கே கோப்பைத் தொலைக்கமாட்டார். டிஎன்பிஎஸ்சி அறிவிப்பின் இணைப்பில் எந்தப் பதவிக்கு எந்த வகைக் குறைபாடு பொருந்தும் என்று போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். கலந்தாய்வில் பதவியைத் தேர்ந்தெடுக்க ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். என்ன வேண்டும், இரண்டாவதாக என்ன என்று வீட்டிலேயே எழுதி எடுத்துக்கொண்டு போகவேண்டும்.

வங்கிகளையும் விட்டுவிடாதீர்கள். 1937-ல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊரில் ஒரே நாளில் வங்கி திறந்த மண் இது. அந்த இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் (ஐஓபி) இன்றைக்கு அரசு வங்கிதான். அரசு வங்கிகளுக்குத் தேர்வு நடத்தும் ஐபிபிஎஸ் அமைப்பின் எழுத்தர் அறிவிப்பில் மாற்றுத்திறனாளி இடங்களை நான்கு பத்தியாகப் பிரித்திருப்பார்கள். கடைசிப் பத்தியில் 'ஐடி' என்று இருக்கும். அது அறிவுசார் குறைபாட்டுக்கு மட்டும் என்று நினைத்துப் பலர் கடந்து போய்விடுகிறார்கள். ஆட்டிசத்துக்கான இடமும் அதற்குள்தான் இருக்கிறது. ஆனால் கவுண்டரில் உட்காரும் வேலை என்பதால் இதைத் தம்பியிடம் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும். நம் காரைக்குடி சிக்ரியும் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) மத்திய அரசு நிறுவனம்தான். அங்கே இளநிலைச் செயலக உதவியாளர் பதவிக்கு அறிவிப்பு வந்தால், பிளஸ் டூவும் தட்டச்சு வேகமும் கேட்பார்கள். ஊரை விட்டுப் போகவும் வேண்டாம்.

இவ்வளவு எழுதிய உங்கள் கடிதத்தில் தம்பிக்கு என்ன வேலை பிடிக்கும் என்று ஒரு வரிகூட இல்லை. கேட்டிருப்பீர்கள், பதில் வந்திருக்காது. "என்ன வேலைக்குப் போறே?" என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. ஒரு வாரம் ஒரு உறவினர் கடையில் சரக்குக் கணக்கு, அடுத்த வாரம் பழைய பள்ளியில் நூலக அடுக்கு என்று செய்யவிட்டு, எந்த நாள் வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினார் என்று பாருங்கள்.

உறவினர்கள் சொல்லும் பென்ஷன் விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் சொல்வது பொய் இல்லை. உங்களுக்கும் உங்கள் வீட்டம்மாவுக்கும் பிறகு, சம்பாதித்துப் பிழைக்க இயலாத மாற்றுத்திறனாளி மகனுக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பொதுவாகக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமும் அகவிலைப்படியும். நிரந்தர வேலைக்குப் போனால் அந்த உரிமை போய்விடும். கணக்காகப் பார்த்தால் 24 வயதுப் பிள்ளை, நீங்கள் இருவரும் இல்லாத ஒரு நாளுக்காக வீட்டில் உட்கார்ந்து காத்திருக்கவேண்டும் என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தட்டச்சு படிப்பதாலோ தேர்வு எழுதுவதாலோ ஓய்வூதியத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது. உங்கள் ஓய்வூதிய ஆவணத்தில் தம்பியின் பெயரும் குறைபாடும் பதிவாகியிருக்கிறதா என்று கருவூலத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது வேலை கிடைக்காவிட்டால் உதவும். அதுவரை அவரைத் தடுக்காதீர்கள்.

கார்டியன் பேப்பர் வேறு சங்கதி. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கும். தன் காரியத்தைத் தானே பார்க்கவே முடியாத பிள்ளைகளுக்கு அது அவசியம்தான். வங்கிக் கணக்கில் தானே கையெழுத்துப் போடுகிற பட்டதாரிக்கு எதற்கு? தன்னைக் கவனித்துக்கொள்ள இயலாதவர் என்று ஒரு காகிதமும், அரசுப் பணிக்குத் தகுதியானவர் என்று இன்னொரு காகிதமும் ஒரே பையில் இருந்தால் நாளைக்குக் கேள்வி வரும். வாங்காதீர்கள்.

உங்கள் மகள் சொல்வதும் சரிதான். அமெரிக்க மத்திய அரசில் ஷெட்யூல் ஏ என்று ஒரு வழி இருக்கிறது. தீவிர உடல் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, மனநலக் குறைபாடு உள்ளவர்களைப் போட்டித் தேர்வு இல்லாமல் நேரடியாக எடுக்கலாம். ஆட்டிசம் உள்ளவர்களும் அந்த வழியில் வருகிறார்கள். இரண்டு வருடம் ஒழுங்காக வேலை செய்தால் நிரந்தரமாக்கலாம். வேலையைச் செய்யவிட்டுப் பார்ப்பது என்ற அந்த ஒரு யோசனை நமக்கும் வேண்டும். இங்கே ஆட்டிசம் உள்ளவர் கற்றல் குறைபாடு உள்ளவரோடும் மனநோயிலிருந்து தேறியவரோடும் அதே ஒரு சதவீதத்துக்குப் போட்டி போடுகிறார்; தேர்வு எழுதுவதில் அவர்கள் பெரும்பாலும் முந்திக்கொள்கிறார்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவேண்டும், அப்போதும் கிடைக்காவிட்டால் மற்ற வகைக் குறைபாடு உள்ளவருக்குக் கொடுக்கலாம் என்கிறது சட்டம். அப்படியே ஆட்டிசத்துக்கு என்று வந்த இடம் கை மாறிப் போகிறது. ஒரு சதவீதத்துக்குள்ளேயே உள் ஒதுக்கீடு கொடுத்தால் ஒழிய இது மாறாது என்பது என் எண்ணம். பதவிப் பட்டியலை மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று 33-ஆம் பிரிவு சொல்வதையும் யாராவது நினைவுபடுத்திக்கொண்டே இருக்கவேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர் சங்கத்துக்குக் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் குரல் எங்களைப் போன்ற ஆலோசகர்களுக்குக் கிடையாது. ஒரு திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் நீங்கள் நாலு பேர் சேர்ந்து இதை மனுவாகக் கொடுத்தால் நான் எழுதித் தருகிறேன்.

வேலை கிடைத்த பிறகு வரும் முதல் மூன்று மாதம்தான் எனக்குக் கவலை. எனக்குத் தெரிந்த ஒரு பையன் ஓர் அரசு அலுவலகத்தில் தபால் பிரிவில் சேர்ந்தார். கண்காணிப்பாளர் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுத்து, "இதைக் கொஞ்சம் பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டு மீட்டிங் போய்விட்டார். பையன் சாயங்காலம் வரை அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். திமிர் பிடித்தவன் என்று பெயர் வந்தது. அப்புறம் பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு அம்மா அரைத்தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார்: கவரைப் பிரி, தேதி முத்திரை குத்து, பதிவேட்டில் எண் போடு, எந்தப் பிரிவுக்கு என்று மூலையில் எழுது, மூன்று மணிக்குள் கொடுத்துக் கையெழுத்து வாங்கு. அந்தத் தாளுக்கு ஒரு பைசா செலவில்லை. இப்போது பழைய தபாலின் எண் வேண்டும் என்றால் பதிவேட்டைப் புரட்டாமல் அவரிடம்தான் கேட்கிறார்கள்.

சட்டம் இதை நியாயமான வசதி என்கிறது; செய்து தரவேண்டியது அரசு அலுவலகத்தின் கடமை என்று 20-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. தம்பி பணியில் சேரும் அன்றைக்கே ஒரு பக்கக் கடிதம் கொடுத்துவிடுங்கள். வேலையை எழுத்தில் சொல்லவேண்டும், சொல்பவர் ஒருவராக இருக்கவேண்டும், இருக்கை ஜன்னலோரமோ மூலையிலோ இருக்கவேண்டும், மதியச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டால் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. அவ்வளவு போதும். அலுவலகம் முழுக்க ஆட்டிசத்தைப் பற்றிப் பாடம் நடத்தவேண்டியதில்லை. கேட்டும் செய்யாவிட்டால் அந்த அலுவலகத்தின் குறைதீர் அலுவலர், அதற்கு மேல் சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர்.

சான்று வரும்வரை சும்மா இருக்கவேண்டாம். தம்பியைப் பக்கத்தில் இருக்கும் தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் சேர்த்துவிடுங்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் (உயர்நிலைத் தட்டச்சுத் தேர்வு) முடித்திருந்தால் தட்டச்சர் பதவிக்கு முன்னுரிமை உண்டு. முப்பது மிஷின் ஓடும் சத்தம் ஆகுமா என்று நீங்கள் யோசிப்பீர்கள். திடீர்ச் சத்தம் தாங்காத பலர், ஒரே சீராக ஓடும் சத்தத்தை, அதுவும் தாமே எழுப்புவதை, தாங்கிக்கொள்கிறார்கள். மதியம் இரண்டு மணி வகுப்பில் ஆள் குறைவாக இருக்கும். முதல் நாள் கூடப் போய், அரை மணி நேரம் மட்டும் உட்கார வைத்துப் பாருங்கள்.